கடனில் வரும் குழாய்

ஏழைகள் தண்ணீருக்கு ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வசதியானவர்களைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். கேரி வைட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வாழ்நாள் பணி இந்தக் கூற்றின் மேல்தான் நிற்கிறது. கூற்றில் பிழையில்லை. குடிசைப் பகுதிகளில் வாழ்வோர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, அதே நகரத்தின் வசதியான தெருக்களில் உள்ளவர்களைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வரை செலவழிக்கிறார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. தனியார் லாரியில் குடம் இத்தனை ரூபாய் என்று வாங்கிப் பழகிய சென்னைப் பெண்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள அறிக்கை தேவைப்பட்டிருக்காது.

இந்த உண்மையிலிருந்து வைட் ஒரு முடிவுக்கு வருகிறார்: இவர்களுக்கு வேண்டியது தானமல்ல, கடன். மொத்தமாகச் சில ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால் வீட்டுக்கு இணைப்பு வாங்கிவிடுவார்கள்; தினமும் கொடுக்கும் காசையே தவணையாக்கிக் கடனை அடைத்துவிடுவார்கள். நடிகர் மேட் டேமனோடு சேர்ந்து அவர் நடத்தும் வாட்டர்.ஆர்க் அமைப்பு, இந்த வழியில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீரோ கழிப்பறையோ கிடைக்கச் செய்திருப்பதாகச் சொல்கிறது. குடிநீர்த் துறையில் சமூகத் தொழில்முனைவோர் என்று கொண்டாடப்படுபவர்களில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்த உண்மைக்கும் இந்த முடிவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அளந்து பார்க்காமல் இந்தப் பணியைப் புகழவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

வைட் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்தவர். கட்டடப் பொறியியல் படித்து, கத்தோலிக்க நிவாரண அமைப்பொன்றின் சார்பில் லத்தீன் அமெரிக்க நாடுகளில் தண்ணீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொண்டவர். 1990-இல் மார்லா ஸ்மித்-நில்சனுடன் சேர்ந்து வாட்டர்பார்ட்னர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். நன்கொடை திரட்டுவது, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் கிராமங்களுக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுப்பது என்று மற்ற தொண்டு நிறுவனங்களைப் போலத்தான் அதுவும் நடந்தது. அந்தத் துறையின் சங்கடம் எல்லாருக்கும் தெரிந்தது. அடிகுழாய் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், அது பழுதானபோது திரும்பி வரவில்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அடிகுழாய்கள் வேலை செய்யவில்லை என்ற மதிப்பீடு 2009-இல் வெளியானது. அதற்கு முன்பே வைட் இதைக் கண்டுகொண்டிருந்தார். நன்கொடையின் வேகத்தில் போனால் உலகத்தின் தாகம் எந்தக் காலத்திலும் தீராது என்ற கணக்கும் அவருக்குப் புரிந்திருந்தது.

ஹைதராபாத்தில் ஒரு பெண், கழிப்பறை கட்டுவதற்காக வட்டிக்காரரிடம் நூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டிக்குக் கடன் வாங்கியிருந்ததைப் பார்த்ததாக வைட் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2003 வாக்கில் அவர் கடன் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அதன் ஆரம்ப வேர்களில் ஒன்று திருச்சியில் இருக்கிறது. எஸ். தாமோதரன் 1987-இல் தொடங்கிய கிராமாலயா, மகளிர் குழுக்களைக் கொண்டு திருச்சியின் குடிசைப் பகுதிகளில் கழிப்பறைப் பணி செய்துகொண்டிருந்தது. குடிநீருக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன் தருவதற்கென்று கார்டியன் என்ற நுண்கடன் நிறுவனம் 2007-இல் அதிலிருந்து பிறந்தது. தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் ஊடகங்கள் கழிப்பறையைப் பற்றி எழுதின. கடனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. மேட் டேமனின் எச்2ஓ ஆப்பிரிக்கா அமைப்பும் வைட்டின் அமைப்பும் 2009-இல் இணைந்து வாட்டர்.ஆர்க் ஆனபோது, இந்தக் கடன் முறைதான் அதன் முதுகெலும்பாயிற்று.

வாட்டர்.ஆர்க் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. நன்கொடைப் பணத்தை நுண்கடன் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் கொடுத்து, தண்ணீர்க் கடன் என்ற ஒரு வகையை உருவாக்க, பணியாளர்களுக்குப் பயிற்சி தர, தேவை எவ்வளவு என்று கணக்கெடுக்க உதவுகிறது. கடனுக்கான மூலதனத்தை அந்த நிறுவனங்களே திரட்டிக்கொள்கின்றன. சராசரிக் கடன் 300-400 டாலர். வாங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 97 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வருகிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ரூபாய் நன்கொடை பல ரூபாய் கடனை நகர்த்துகிறது என்ற வகையில் இது கெட்டிக்காரத்தனமான அமைப்பு. அடிகுழாய் போட்டுவிட்டுப் போகும் தொண்டைவிட ஒரு விதத்தில் மேலானதும்கூட. தன் பணத்தில் வாங்கிய குழாயைப் பெண்கள் பராமரிப்பார்கள். தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்த கண்ணியமும் இதில் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கொடுக்கிறவர் தீர்மானித்த இடத்தில், கொடுக்கிறவர் தீர்மானித்த குழாய்க்காகக் கைகூப்பி நின்றவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு கடனை வைத்துக்கொள்வோம்: 15,000 ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு குறையும் வட்டி, 24 மாதத் தவணை. மாதம் ஏறத்தாழ 793 ரூபாய் கட்ட வேண்டும்; மொத்தத்தில் 19,000 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டி மட்டும் சுமார் 4,000. இந்தியாவின் நுண்கடன் சந்தையில் இது வழக்கத்துக்கு மாறான வட்டியல்ல. 2011-இல் ரிசர்வ் வங்கி இதற்கு 26 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. 2022-இல் வட்டிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியை முன்வைத்தது.

இந்தக் கடனை இரண்டு பெண்கள் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். முதலாமவர் தினமும் மூன்று குடம் தண்ணீரைக் குடம் 10 ரூபாய் வீதம் விலைக்கு வாங்குகிறவர். மாதம் 900 ரூபாய் போகிறது. இணைப்பு வந்தபின் தவணையும் 100 ரூபாய் குடிநீர்க் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய அதே 900-க்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டு முடிந்தால் மாதம் 800 ரூபாய் மிச்சம். வைட்டின் வாதம் இவருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. இவருக்குக் கடன் கிடைக்காமல் இருப்பதுதான் அநியாயம்.

இரண்டாமவர் தெருக்குழாயில் காசில்லாமல் பிடிக்கிறவர். வரிசையில் நிற்பதும் சுமப்பதுமாகத் தினம் ஒரு மணி நேரம் போகிறது. இணைப்பு வந்தால் அவருக்கு மாதம் முப்பது மணி நேரம் மிச்சமாகும். இடுப்பு வலி குறையும். விடியற்காலை எழ வேண்டாம். எல்லாமே உண்மையான பயன்கள். ஆனால் தவணை வசூலிக்க வருபவர் மணி நேரத்தை வாங்கிக்கொள்ள மாட்டார். இந்தப் பெண்ணுக்குத் தவணை மட்டுமே மாதம் 793 ரூபாய் புதுச் செலவு. இதற்கு முன்பு அவர் வீட்டுக் கணக்கில் தண்ணீர் என்ற வரியே கிடையாது.

மிச்சமாகும் நேரத்தில் அவர் வேலை செய்து சம்பாதிப்பார் என்பதுதான் இதற்கு வாட்டர்.ஆர்க்கின் வெளியீடுகள் திரும்பத் திரும்பத் தரும் பதில். நேரம் வருமானமாகும், வருமானம் தவணையாகும். கேட்க நன்றாக இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் கடனைப் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

மொராக்கோவின் டான்ஜியர் நகரத்தில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏழைக் குடும்பங்கள் தெருக்குழாயை நம்பியிருந்த பகுதிகள். குடிநீர் நிறுவனம் வட்டியில்லாக் கடனில் வீட்டு இணைப்பு தரத் தயாராக இருந்தது. அந்த வசதி எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கல் போலப் பாதிக் குடும்பங்களைத் தேர்ந்து, அவர்களுடைய வீடு தேடிப் போய் விவரம் சொல்லி, விண்ணப்ப வேலைகளை வாசலிலேயே முடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 69 விழுக்காட்டினர் இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் எடுத்தவர்கள் 10 விழுக்காடு.

முதல் பார்வைக்கு இது வைட்டின் வெற்றி. ஏழைகள் தவணையில் குழாய் வாங்கத் தயார் என்பது ஐயமற நிரூபணமாயிற்று. உற்றுப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, கடன் இரு தரப்புக்கும் கிடைத்தது; வித்தியாசத்தை உண்டாக்கியது அலுவலகத்துக்கு அலைய வேண்டாம் என்ற உதவிதான். இரண்டு, அது வட்டியில்லாக் கடன். மூன்றாவதுதான் மிக முக்கியம். இணைப்பு பெற்ற வீடுகளில் தண்ணீரால் வரும் நோய்கள் குறையவில்லை, ஏனென்றால் தெருக்குழாய்த் தண்ணீரும் சுத்தமானதாகவே இருந்தது. வருமானமும் கூடவில்லை. மிச்சமான நேரம் ஓய்வுக்கும் உறவாடலுக்கும் போயிற்று. மாதாந்தரத் தண்ணீர்ச் செலவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் குடும்பங்கள் முன்பைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீரை வைத்து வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் நடந்த சண்டைகள் குறைந்திருந்தன.

தெருக்குழாய்ச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நெஞ்சில் படுகிற முடிவு. ஓய்வு என்பது ஏழைப் பெண்ணுக்கு ஆடம்பரமல்ல. அந்த முப்பது மணி நேரத்தில் அவர் படுத்துத் தூங்கினாலும் அது சமூகம் அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன்தான். ஆகவே குழாய் தேவையா என்பது கேள்வியில்லை. அந்த ஓய்வுக்கான விலையை வட்டியோடு அவரே கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. வருமானத்தைக் கூட்டாத ஒன்றுக்காக வருமானத்திலிருந்து தவணை கட்டச் சொன்னால், அது வேறெந்தச் செலவிலிருந்து பிடுங்கப்படுகிறது என்று யாராவது பார்க்க வேண்டும். பால், மருந்து, பிள்ளையின் பேருந்துக் கட்டணம் என்று எதையாவது குறைத்துத்தான் அந்த 793 ரூபாய் வரும்.

உடல்நலம் சார்ந்த இடங்களில் விலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய குழுவினரும் கென்யாவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரினைக் கடையில் விற்றபோது வாங்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதையே தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இலவசமாக வைத்தபோது பாதிக்கு மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். மக்கள் வசதிக்குக் காசு கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு எதிராகக் கொடுப்பதில்லை. வைட்டின் முறை வசதியை நன்றாக விற்கும். குழந்தைகளின் உயிரைக் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அடுத்து, அந்த 97 விழுக்காடு. கடன் திரும்பி வருவது பயனின் அடையாளம் என்று வாட்டர்.ஆர்க் கருதுகிறது, வாங்கியவருக்குப் பயன்படாவிட்டால் அவர் ஏன் கட்டுகிறார் என்பது அதன் தர்க்கம். குழுக்கடன் வாங்கிய எவருக்கும் இதற்கு விடை தெரியும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்குவது நம் ஊர்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியதற்குப் பின்னால் தற்கொலைச் செய்திகள் இருந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை அந்த மாநிலத்தின் கடன் வசூல் விகிதம் மிகச் சிறப்பாகத்தான் இருந்தது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் சட்டமுன்வடிவு ஒன்றை நிறைவேற்ற வேண்டி வந்தது. வசூல் விகிதம் கொடுத்தவரின் பாதுகாப்பைத்தான் காட்டுகிறது, வாங்கியவரின் நிலையை அது சொல்லாது. ஆறு நாடுகளில் நுண்கடனைச் சோதித்து 2015-இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், அது ஏழைகளை அழிக்கவும் இல்லை, அவர்களுடைய வாழ்க்கையைப் புரட்டிப் போடவும் இல்லை என்ற நிதானமான முடிவுக்குத்தான் வந்தன. தண்ணீர்க் கடன்கள்தாம் ஆந்திர நெருக்கடிக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவை அந்தக் கடன்களோடு அதே குடும்பத்தின் தோளில், அதே வசூல் புத்தகத்தில் ஏறி உட்காருகின்றன.

இவையெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொண்டு சொன்னவை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது சென்னையில் இலட்சக்கணக்கான வீடுகளில் இணைப்பு இருந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் கொண்டுவந்தார்கள். அந்த மாதங்களில் தவணை கட்ட வேண்டியிருந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்: வறண்ட குழாய்க்குக் கடன், லாரித் தண்ணீருக்குக் காசு. வீட்டுக் கடன் தெரு முனையிலிருந்து வாசல்வரை உள்ள சில அடிக் குழாயை வாங்கித் தரும். ஏரியைத் தூர்வாரவோ, சுத்திகரிப்பு நிலையம் கட்டவோ, கடைமடை வரை அழுத்தம் கொண்டுபோகவோ அதனால் ஆகாது.

கடன் ஆழ்துளைக் கிணற்றுக்கோ சொந்தக் கைக்குழாய்க்கோ போகும்போது நிலைமை இன்னும் கவலைக்குரியது. வங்கதேசத்தைப் பார்க்கலாம். அங்கே இருக்கும் கைக்குழாய்களில் மிகப் பெரும்பாலானவை குடும்பங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் போட்டுக்கொண்டவை. கிருமி இல்லாத நிலத்தடி நீர் நல்லது என்று ஐ.நா. நிறுவனங்களும் அரசும் சொன்னதை நம்பிப் போட்டவை. அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது 1993-இல் உறுதியானது. ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் அந்நாட்டு வரம்புக்கு மேற்பட்ட ஆர்செனிக் உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், பராமரித்தார்கள், திருப்தியாக இருந்தார்கள். வைட் வெற்றி என்று சொல்லும் எல்லா அடையாளங்களும் இருந்தன. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

ஏறத்தாழ இதே சிக்கல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இருந்தது, அங்கே ஃபுளோரைடு. பற்கள் கறுத்து எலும்பு வளைந்த மனிதர்களுக்குத் தனித்தனியாகக் கடன் கொடுத்து ஆளுக்கொரு கிணறு தோண்டச் சொல்லியிருந்தால் நஞ்சை இன்னும் ஆழத்திலிருந்து எடுத்துக் குடித்திருப்பார்கள். நடந்தது வேறு. ஒகேனக்கலில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டது. இதற்கும் கடன்தான் வாங்கினார்கள், ஜப்பானிடமிருந்து. வாங்கியது அரசு. திருப்பிக் கட்டுவதும் அரசு. பென்னாகரத்துக் கூலித் தொழிலாளி வாரக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. கடன் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யார் பெயரில் அது எழுதப்படுகிறது என்பதைத்தான்.

வாட்டர்.ஆர்க்குக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் அதன் கடன் பணி விரிவடைய உதவிய பெரும் நன்கொடையாளர்களில் பெப்சிகோ அறக்கட்டளையும் ஒன்று. தாமிரபரணியிலிருந்து குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்ததையும், 2017 மார்ச்சில் அது நீக்கப்பட்டதையும் நெல்லைக்காரர்கள் மறக்கவில்லை. நன்கொடை கொடுத்ததால் வைட்டின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு இணைப்பு இல்லாததே பிரச்சினை என்று சொல்லும் அமைப்பும், நீர்நிலைகளில் யாருக்கு முதல் உரிமை என்று கேட்காத அமைப்பும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் குழாயில் தண்ணீர் வரும்.

அரசை விட்டால் வழியில்லை என்று சொல்வது எளிது; அரசு வராத இடத்தில்தானே இவர்கள் போகிறார்கள் என்பது எதிர்க்கேள்வி. நியாயமான கேள்வி. இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதலாவது டாக்காவிலிருந்து. துஸ்த ஸ்வாஸ்திய கேந்திரா என்ற அமைப்பு 1990-களில் அங்கே குடிசைப் பகுதிகளில் வேலை செய்யும்போது ஒரு சுவரில் முட்டியது. நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்களுக்குக் குடிநீர் வாரியம் இணைப்பு தராது. பணம் இருந்தாலும் தராது. அந்த அமைப்பு வாரியத்தோடு பேசி, கட்டணத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பொது நீர்நிலையம் வாங்கியது. மக்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று காட்டியது. காலப்போக்கில் வாரியமே விதியைத் தளர்த்திக் குடிசைப் பகுதிகளுக்கு இணைப்பு தர முன்வந்தது. இங்கேயும் மக்கள் காசு கட்டினார்கள். மாறியது விதி. அந்த விதி மாறியதால், அந்த அமைப்பு ஒருபோதும் சந்திக்காத குடும்பங்களுக்கும் பயன் கிடைத்தது. டான்ஜியரில் விண்ணப்பத்தை வாசலுக்குக் கொண்டுபோனபோது நடந்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது இந்தியாவிலிருந்து. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது கிராமப்புறத்தில் 3.23 கோடி வீடுகளில், அதாவது 17 விழுக்காட்டில், குழாய் இணைப்பு இருந்தது. 2025-இல் அது 15 கோடிக்கும் மேலாக இருந்தது. வைட் உலகம் முழுவதும் இருபதாண்டுகளில் எட்டியதைவிடப் பன்மடங்கு வீடுகளை ஒரு நாட்டின் பொதுப்பணம் ஆறு ஆண்டுகளில் எட்டியிருக்கிறது. குறைகள் ஏராளம். குழாய் மட்டும் நட்டுவிட்டுப் போன ஊர்கள் உண்டு. 2022-இல் ஒன்றிய அரசே செய்வித்த மதிப்பீட்டில் 62 விழுக்காட்டு வீடுகளில்தான் இணைப்பு முழுமையாகச் செயல்பட்டது. ஆனாலும் அந்த 62 என்ற எண் நம் கையில் இருக்கிறது. சட்டமன்றத்தில் கேட்கலாம், கிராம சபையில் கேட்கலாம்.

வாட்டர்.ஆர்க்கின் 7 கோடியில் எத்தனை பேர் வீட்டில் இன்று தண்ணீர் வருகிறது? அந்தத் தண்ணீர் குடிக்கத்தக்கதா? அந்த எண்ணிக்கை கொடுக்கப்பட்ட கடன்களிலிருந்து குடும்பத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு வருவது. கழிப்பறைக்கான கடனும் அதில் சேர்ந்தது. கடன் கொடுத்த நாளில் ஒருவர் 'சென்றடையப்பட்டவர்' ஆகிவிடுகிறார். வீட்டில் இருப்பது, வேண்டும்போது கிடைப்பது, கிருமியும் நஞ்சும் இல்லாதது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பான குடிநீர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அளக்கின்றன. கடன் எண்ணிக்கை இந்த மூன்றில் முதலாவதைக்கூட முழுமையாக அளப்பதில்லை.

2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை தண்ணீரை மனித உரிமை என்று அறிவித்தபோது 122 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. உரிமை என்றால் இலவசம் என்று பொருளல்ல என்பதை நான் ஏற்கிறேன். தெருவிலிருந்து வாசல்வரை உள்ள இணைப்புச் செலவை நடுத்தர வர்க்கமும் தன் கைக்காசில்தான் கட்டிவந்திருக்கிறது. அதனால்தான் வைட்டின் முறையை அறவே தவறென்று தள்ள என்னால் முடியவில்லை. தெருவில் அரசின் குழாய் ஓடுகிறது, அதில் சோதிக்கப்பட்ட தண்ணீர் வருகிறது, அந்த வீட்டுக்காரர் இப்போது விலைக்கு வாங்குகிறார் என்ற மூன்றும் அமைந்த இடத்தில் தண்ணீர்க் கடன் மிக நல்ல கருவி. அத்தகைய வீடுகள் ஆசிய, ஆப்பிரிக்க நகரங்களில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது வைட்டின் சாதனை. இந்த எல்லைக்குள் அவருக்கு முழுப் பாராட்டு.

எல்லைக்கு வெளியே என் தீர்ப்பு பாதகமானது. காசில்லாமல் தண்ணீர் பிடித்தவரைக் கடனாளியாக்கும் இடத்தில் அது மானியத்தின் இடத்தை அபகரிக்கிறது. நீர் ஆதாரமே இல்லாத இடத்திலும், நஞ்சு கலந்த நிலத்தடி நீர் உள்ள இடத்திலும் அது ஆபத்தானது. உலகத்தின் குடிநீர்ப் பிரச்சினைக்கே இதுதான் தீர்வு என்று மேடைகளில் முன்வைக்கப்படும்போது, அது அரசுகளுக்குக் கையைக் கழுவிக்கொள்ள ஒரு வழியைக் காட்டிக் கொடுக்கிறது. வைட்டின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அடிகுழாய்த் தொண்டின் தோல்வியை ஒளிக்காமல் பார்த்துத் தன் வழியையே மாற்றிக்கொண்ட மனிதர் அவர். அதே கண்ணோடு தன் கடன்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு அதுவே காரணம்.

செய்யக்கூடியது கடினமானதல்ல. கடன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி போதும்: இப்போது தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கிறீர்கள்? அந்தத் தொகை தவணைக்கு அருகில் இருந்தால் கடன் கொடுக்கலாம். சுழியம் என்று பதில் வந்தால் அந்தப் பெயரையும் தெருவையும் நகராட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ எழுதி, பொதுப்பணத்தில் இணைப்பு கேட்டு அந்தக் குடும்பத்தோடு நிற்க வேண்டும். ஆண்டுதோறும் இரண்டு பட்டியல்களின் எண்ணிக்கையையும், கடன் கொடுத்த வீடுகளில் ஓராண்டு கழித்துச் சோதித்த தண்ணீரின் முடிவையும் வெளியிட வேண்டும். இந்த முறை வேர்விட்ட திருச்சியிலிருந்தே அதைத் தொடங்கலாம்.